வில்லங்கம் பார்த்த ஆட்டம்

ஜூன் 3, திங்கள்

நான்கு கிரயப் பத்திரம், ஒரு பாகப்பிரிவினை. பாகப்பிரிவினைக்கு வந்த அண்ணன் தம்பி இருவரும் என் மேஜைக்கு முன்னாலேயே கிணற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் தலையிடவில்லை. இருபத்தெட்டு வருடமாகப் பத்திர எழுத்தராக இருக்கிறேன். யார் பக்கமும் சாயாமல் இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம்.

மதியம் குப்புராஜ் வந்தார். எங்கள் மேற்கு வட்டாரச் சதுரங்கப் பேரவையின் செயலாளர். நேற்று நடந்த லீக் இறுதி ஆட்டத்தில் கோகிலவாணி என்கிற நாற்பத்தாறு வயதுப் பெண்மணி, ஒரு பயிற்சி அகாடமியின் முதல் ஆட்டக்காரரைத் தோற்கடித்துவிட்டாராம். அகாடமிக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே அவர் இரண்டு முறை கழிப்பறைக்குப் போனாராம். அங்கே கைபேசியில் கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டு வந்து ஆடியிருக்க வேண்டுமாம்.

"நேர்மை விசாரணைக் குழுவுல இப்ப நீங்க ஒருத்தர்தான் இருக்கறீங்க ண்ணா. மத்த ரெண்டு பேரும் போன வருசமே ராஜினாமா. பதினஞ்சாம் தேதிக்குள்ள அறிக்கை குடுத்தாப் போதும்" என்றார் குப்புராஜ்.

ஒப்புக்கொண்டேன். எனக்கு இதில் எந்த முன்விரோதமும் கிடையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கோகிலவாணியுடன் ஒரே ஒரு முறை ஆடியிருக்கிறேன். அதை மறந்தும்விட்டேன். 1997 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, பலகை எண் 3, ஊதா நிற மேஜை விரிப்பு, அதில் ஒரு மூலையில் டீக்கறை.

ஒரே நிலை பலகையில் மூன்று முறை வந்தால் ஆட்டம் டிரா என்று கேட்கலாம். அன்று நான் கேட்டேன். மூன்று முறையும் ஒவ்வொரு காயும் அதே கட்டத்தில்தான் நின்றது. பத்தொன்பது வயதான அந்தப் பெண் எழுந்து நின்று நடுவரிடம், "முதல் தடவை இவருக்குக் காஸ்லிங் பண்ற உரிமை இருந்துச்சுங்க. அப்புறம் ராஜாவை ஒரு கட்டம் நகத்தித் திரும்பவும் பழைய எடத்துலயே வெச்சுட்டார். ராஜா ஒருக்கா நகந்துட்டா அந்த உரிமை போயிரும். அதனால இது அதே நிலை இல்லீங்க" என்றார். காஸ்லிங் என்றால் ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றுவது. நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு அவர் சொன்னதுதான் சரி என்றார். அதற்குப் பிறகு பதினோரு நகர்த்தலில் தோற்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே கொள்கைதான். பலகையில் இருப்பதுதான் நிலை. அது எப்படி வந்தது, எந்த வழியாக வந்தது என்பதெல்லாம் வேண்டாத பேச்சு. இந்த விசாரணையையும் அப்படித்தான் நடத்துவேன்.

ஜூன் 5, புதன்

கோகிலவாணி அலுவலகத்துக்கு வந்து ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டைக் கொடுத்தார். கூடவே ஒரு பக்க விளக்கக் கடிதம். சர்க்கரை நோய் இருக்கிறது, அதனால்தான் இரண்டு முறை எழுந்து போனேன் என்று எழுதியிருந்தார். மருத்துவர் சீட்டும் இணைத்திருந்தார்.

"விசாரணை எப்பங்க சார் முடியும்?"

"முறைப்படி முடியும்."

"வள்ளிநாயகி கலைக் கல்லூரில சதுரங்கப் பயிற்சியாளர் வேலைக்குக் கேட்டிருக்கறனுங்க. நிரந்தர வேலை. பேரவையில இருந்து நற்சான்று கேக்கறாங்க. இப்ப இருக்கற பள்ளிக்கூட லைப்ரரி வேலை வருசா வருசம் ஜூன் மாசம் புதுப்பிக்கறதுங்க. எப்ப வேண்டாம்னு சொல்லுவாங்கன்னே தெரியாது."

விசாரணையில் இருப்பவரின் சொந்தக் கதை கோப்பில் சேராது.

கிளம்பும்போது, "நீங்கதான் பாக்கறீங்கன்னு சொன்னாங்க. நிம்மதியாப் போச்சுங்க சார்" என்றார். விசாரணை அதிகாரியைத் தன்வசப்படுத்தும் முயற்சி. குறித்துக்கொண்டேன்.

மிக்ஸி ரிப்பேர். மனைவி அமராவதி தேங்காயை அம்மியில் அரைத்துவிட்டு, அந்தக் கோபத்தைச் சட்னியில் காட்டினாள்.

ஜூன் 8, சனி

விசாரணை முறையை எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

மகள் சிந்து பெங்களூரு போகும்போது விட்டுப்போன பழைய லேப்டாப்பில் செஸ் என்ஜின் இருக்கிறது. பலகையில் ஒரு நிலையை வைத்துக் கேட்டால் அடுத்து எது சிறந்த நகர்த்தல் என்று சொல்லும். கோகிலவாணி ஆடிய நகர்த்தலும் அதுவும் எத்தனை முறை ஒத்துப்போகிறது என்று எண்ண வேண்டும். மனிதர்கள் ஓரளவுதான் ஒத்துப்போவார்கள். அளவுக்கு மீறி ஒத்துப்போனால் கழிப்பறையில் கைபேசி இருந்தது என்று பொருள்.

ஆட்டம் முப்பத்தெட்டு நகர்த்தல். முதல் பத்து எல்லோரும் மனப்பாடம் செய்து ஆடுவது, தள்ளிவிட்டேன். மீதி இருபத்தெட்டு.

எங்கள் தொழிலில் ஒரு சொத்தைப் பார்ப்பதென்றால் கடைசிப் பத்திரத்தில் தொடங்குவோம். இன்றைய உடைமையாளர் யார், அவருக்கு விற்றவர் யார், விற்றவருக்கு எப்படி வந்தது என்று பின்னாலேயே போய் மூலப்பத்திரத்தில் நிற்போம். என் கண்ணுக்கு அதுதான் பழக்கம். ஆட்டத்தையும் அப்படியே பார்த்தேன். முப்பத்தெட்டாவது நகர்த்தலுக்கு முந்தைய நிலையை வைத்து என்ஜினை அரை நிமிடம் யோசிக்க விட்டேன். அது சொன்னதைக் குறித்துக்கொண்டு முப்பத்தேழுக்குப் போனேன். பிறகு முப்பத்தாறு.

காலை ஆறரைக்கு உட்கார்ந்தவன் ஒன்பது மணிக்கு எழுந்தேன். இருபத்தெட்டில் இருபத்தாறு ஒத்துப்போகிறது.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

அறிக்கையைக் காலை பத்து மணிக்கே அனுப்பிவிட்டேன். கெடு பதினைந்தாம் தேதிதான் என்றாலும் கடமையைத் தள்ளிப்போடுவது என் வழக்கமில்லை.

பத்தே காலுக்குக் குப்புராஜ் அதைப் பேரவையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நூற்று நாற்பது பேர். பதிவேட்டிலும் கோகிலவாணி பெயருக்கு எதிரே 'கடும் சந்தேகம், விசாரணையில்' என்று ஏற்றியாகிவிட்டதாம். இரண்டு வருடத் தடை வரலாம் என்றார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பியிருக்கலாமில்ல?" என்றாள் அமராவதி.

"கம்ப்யூட்டர் சொல்வதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?"

"முப்பது வருச வில்லங்கம் பாக்காம ஒரு சென்ட் நிலத்துக்குப் பத்திரம் எழுத மாட்டீங்க."

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. அவளுக்குச் சதுரங்கம் தெரியாது.

ஜூன் 10, திங்கள்

மிக்ஸி வந்துவிட்டது. ஜார் மூடி நம்முடையது இல்லை.

ஜூன் 12, புதன்

வேலை குறைவு. வீட்டில் என் பழைய ஆட்டக் குறிப்பேட்டை எடுத்தேன். முறை சரியானதுதானா என்று சரிபார்ப்பது விசாரணை அதிகாரியின் கடமை என்பதால் என் ஆட்டம் ஒன்றையும் அதே வழியில் பார்த்தேன். கைக்குத் தட்டுப்பட்டது 1997 டிசம்பர் 14 ஆட்டம். தற்செயல்தான்.

முதல் பத்தைத் தள்ளினால் என் நகர்த்தல்கள் இருபத்தேழு. அதில் என்ஜின் ஒத்துக்கொண்டது இருபத்து நான்கு.

இரண்டு முறை எண்ணினேன். இருபத்து நான்குதான். இருபத்தாறு வருடமாக நான் ஏதோ சொதப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் உலகத் தரத்தில் ஆடியிருக்கிறேன். தோற்றது ஒன்றுதான் குறை. மனசு நிறைந்துவிட்டது. சட்டையை மாற்றிக்கொண்டு போய்க் கால் கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தேன்.

அமராவதி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு கேட்டாள். "தொண்ணூத்தேழுல உங்க பாக்கெட்டுல என்ன கம்ப்யூட்டரு இருந்துச்சு?"

"என்ன கேள்வி இது?"

"இல்ல, அந்தப் புள்ளைக்கு இருபத்தாறு ஒத்துப்போச்சுன்னா திருட்டுன்னீங்க. உங்களுக்கு இருபத்து நாலுன்னா மைசூர்பாகா?"

மைசூர்பாகில் நெய் போதவில்லை.

ஜூன் 13, வியாழன்

சிந்துவை அழைத்தேன். பெங்களூரில் மென்பொருள் வேலை. நலம் விசாரிக்கத்தான் அழைத்தேன். பேச்சோடு பேச்சாக என் முறையைச் சொன்னேன்.

"அப்பா, கடைசில இருந்தா ஆரம்பிச்சீங்க?"

"ஆமாம். அதற்கென்ன?"

"என்ஜினுக்கு ஞாபகம்னு ஒரு இடம் இருக்குப்பா. பாத்த நிலையை எல்லாம் அதுல எழுதி வெச்சுக்கும். நீங்க முப்பத்தெட்டைக் காட்டிட்டு முப்பத்தேழைக் கேட்டா, அடுத்து அவங்க எந்த வழில போனாங்க, அது எங்க போய் முடிஞ்சுதுன்னு அதுக்கு ஏற்கெனவே தெரியும். மத்த வழியை விட அந்த வழியை ரொம்ப ஆழமாப் பாத்துடும். கிட்டத்தட்ட சமமா ரெண்டு நகர்த்தல் இருந்தா, தெரிஞ்ச வழியையே நல்லதுன்னு சொல்லிடும்."

"நிலை அதேதானே?"

"நிலை அதேதான். ஆனா அதுக்கு முன்னாடி அது எதைப் பாத்துச்சுங்கறதைப் பொறுத்து பதில் மாறும். ஒவ்வொரு தடவையும் ஞாபகத்தைத் துடைச்சுட்டு, முதல் நகர்த்தல்ல இருந்து வரணும். செட்டிங்ஸ்ல பட்டன் இருக்கு பாருங்க."

பக்கத்தில் காது கொடுத்துக்கொண்டிருந்த அமராவதி, "விடையைச் சொல்லிக்குடுத்துட்டு அப்புறம் கேள்வி கேட்டிருக்கறீங்க" என்றாள்.

பட்டனைக் கண்டுபிடித்தேன். துடைத்துத் துடைத்து, முதலிலிருந்து போனேன். கோகிலவாணிக்கு இருபத்தெட்டில் பதினைந்து. சாதாரண மனித எண். தோற்றுப்போன அகாடமிக்காரருக்கும் பார்த்தேன். பதினேழு. புகார் கொடுத்த பக்கம்தான் கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் நெருக்கம்.

என்னுடையது இருபத்தேழில் பதினொன்று.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். செய்திருக்க வேண்டாம். 1997 ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து வரிசையாக ஏற்றி, நான் டிரா கேட்ட இடத்தில் நிறுத்தினேன். மூன்றாவது முறை என்று அது எண்ணவில்லை. முதல் முறை காஸ்லிங் உரிமை இருந்தது என்பதை அது கணக்கில் வைத்திருக்கிறது. இயந்திரமும் அவர் பக்கம்.

ஜூன் 14, வெள்ளி

அறிக்கையைத் திருத்த வேண்டும். இன்று சர்வர் மந்தம், பதிவு முடியவே மாலை ஆறாகிவிட்டது. நாளை.

ஜூன் 15, சனி

லேசான ஜலதோஷம்.

ஜூன் 16, ஞாயிறு

முகூர்த்தம். இரண்டு கல்யாணம். பேரவைக்காரர்கள் நான்கு பேர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "கம்ப்யூட்டர் திருட்டைப் புடிச்சவர் இவர்தான்" என்று எதிரில் இருந்தவரிடம் சொன்னார்கள். பாயசம் இரண்டு முறை வந்தது. பந்தியில் அமர்ந்து இந்த மாதிரி விஷயங்களைத் திருத்துவது முறையல்ல.

ஜூன் 17, திங்கள்

விடுமுறை. திருத்த அறிக்கைக்கு நல்ல தாள் வீட்டில் இல்லை.

ஜூன் 18, செவ்வாய்

தாள் வாங்கினேன்.

ஜூன் 19, புதன்

அமராவதி காய்கறி வாங்கப் போன இடத்தில் கோகிலவாணியைப் பார்த்திருக்கிறாள். அவராகப் பேச வரவில்லை. இவள்தான் போய்ப் பேசியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இந்த வருடம் அவர் வேலையைப் புதுப்பிக்கவில்லையாம். யாரோ வாட்ஸ்அப் செய்தியைத் தாளாளருக்கு அனுப்பியிருக்கிறார்கள். விசாரணை முடிந்ததும் வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"எப்ப சொன்னாங்களாம்?" என்று கேட்டேன்.

"திங்கக்கெழமை லீவு முடிஞ்சு, நேத்துக் காலையில."

நேற்று நான் தாள் வாங்கிக்கொண்டிருந்தேன். பதின்மூன்றாம் தேதியே எனக்கு உண்மை தெரியும். அன்றே ஒரு வரி அனுப்பியிருந்தால் போதும். எனக்கு வெட்கமாக இருந்தது. பொதுவாக இந்த நோட்டில் நான் அப்படி எழுதுவதில்லை.

மதியத்துக்குள் எழுதி முடித்து, நானே கொண்டுபோய்க் குப்புராஜ் கையில் கொடுத்தேன். தவறு ஆட்டக்காரருடையது அல்ல, விசாரித்த முறையுடையது. அந்த முறை என்னுடையது. தெரிந்த பிறகும் ஆறு நாள் வைத்திருந்தேன் என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தேன்.

குப்புராஜ் இரண்டு முறை படித்தார். "மொதல்ல குடுத்தீங்களே ண்ணா, அது நல்லாத் தெளிவா இருந்துச்சு. இது படிச்சாக் கொழப்பமா இருக்குது."

"இதுதான் உண்மை."

"அதாங்க கொழப்பம். சரி, முடிச்சுரலாம் விடுங்க."

ஜூன் 24, திங்கள்

முடித்துவிட்டார்கள். பதிவேட்டில் இப்போது, 'விசாரணை நடத்தப்பட்டது. ஆதாரமில்லை. முடித்துவைக்கப்பட்டது' என்று இருக்கிறது. கோகிலவாணிக்குச் சான்றும் கொடுத்தாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அதைப் போட்டபோது இரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள். முதல் அறிக்கைக்கு நூற்றுப் பதினாறு பதில்கள் வந்திருந்தன.

மாலையில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரி விண்ணப்பத்தை மேஜையில் வைத்தார். பதினான்காவது பத்தி. 'தங்கள் மீது எப்போதாவது விசாரணை நடத்தப்பட்டதுண்டா? ஆம் / இல்லை.' விளக்கம் எழுத இடம் இல்லை.

"இதுல என்னங்க சார் எழுதறது?"

எத்தனை சொத்துக்கு வில்லங்கச் சான்று பார்த்திருக்கிறேன். வழக்கு தள்ளுபடியானாலும் வழக்கு நடந்தது என்ற வரி நிற்கும். வாங்க வருபவர் அந்த வரியைத்தான் விரலால் தொட்டுக் கேட்பார். நிலம் அதே நிலம்தான். விலை மட்டும் இறங்கிவிடும்.

"இல்லை என்று எழுதிவிடுங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள்" என்றேன். பத்திர எழுத்தராக என் வாயிலிருந்து இப்படி ஒரு யோசனை வந்தது இதுவே முதல் தடவை.

"நடந்துச்சுல்லங்க. நடக்கலைன்னு எப்படி எழுதறது?"

என் பேனாவையே வாங்கி, 'ஆம்' என்பதை வட்டமிட்டார்.

ஜூன் 26, புதன்

அரை நாள் அலுவலகத்தை மூடிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். முதல்வர் இந்திராணி அம்மாள். நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலில் கோகிலவாணி பெயரை அடித்து வைத்திருந்தார்கள். பதினான்காவது பத்தியில் 'ஆம்' என்று இருந்தால் எழுத்தரே தனியாக எடுத்து வைத்துவிடுவாராம்.

என் திருத்த அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். நடந்ததை நேரிலும் சொன்னேன். பின்னாலிருந்து பார்த்தது, மைசூர்பாகு, ஜலதோஷம் உட்பட. முதல்வர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முழுவதும் கேட்டார்.

"இந்தக் காலத்துல தன்னோட தப்பை இப்படி வந்து சொல்ற ஆளை நான் பாத்ததில்லைங்க. உங்களுக்குச் சதுரங்கம் நல்லாத் தெரியுமில்லங்களா?"

"தெரியும்."

"அப்ப நீங்களே இந்த வேலைக்கு விண்ணப்பிச்சுருங்களேன் சார். எங்களுக்கு இப்படி ஒரு நேர்மையான ஆளுதான் வேணும். பசங்களுக்கும் ஒரு ஒழுக்கம் வரும்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாவி கையில்தான் இருந்தது. ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்ததை ஒப்புக்கொண்டதற்காக அந்த வேலையை எனக்கே தருகிறார்கள்.

அதைவிட மோசம், ஒரு விநாடி நான் சந்தோஷப்பட்டேன். கல்லூரி, தனி அறை, மேஜையில் பெயர்ப்பலகை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 27, வியாழன்

கோகிலவாணியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வேறு யார் வாயிலிருந்தும் அவர் கேட்கக் கூடாது என்று தோன்றியது. கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"எடுத்துக்குங்க சார். உங்க மேலதான் விசாரணை ஒண்ணும் இல்லையே."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வாக்கியத்தையே யோசித்தேன். உண்மைதான். என் மேல் விசாரணை ஒன்றும் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

காலை பத்தரைக்குப் பேரவை அலுவலகத்தில் புகார் மனு கொடுத்தேன். புகார்தாரர் சென்னியப்பன் ஆகிய நான். எதிர்த்தரப்பு மேற்படி சென்னியப்பன். குற்றச்சாட்டு: தவறான முறையில் சோதித்து ஓர் ஆட்டக்காரருக்குக் கேடு விளைவித்தது, பழைய மனக்கசப்பால் அவசரம் காட்டியது, உண்மை தெரிந்த பிறகும் ஆறு நாள் மறைத்தது.

குப்புராஜ் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க ண்ணா, வெயில்ல வந்தீங்களா?"

"பதிவேட்டில் ஏற்றுங்கள்."

"யாரு விசாரிக்கறது? குழுவுல நீங்க ஒருத்தர்தான இருக்கறீங்க."

"அப்போது நான்தான் விசாரிக்க வேண்டும்."

"எப்ப முடிப்பீங்க?"

"முறைப்படி முடியும்."

ஏற்றினார். என் பெயருக்கு எதிரே 'விசாரணையில்' என்று எழுதிவிட்டு, நான் பார்க்கும்படி பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். நேராகக் கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் வாங்கி, அங்கேயே நின்று நிரப்பினேன். பதினான்காவது பத்தியில் 'ஆம்' என்பதை அழுத்தி வட்டமிட்டேன். தாள் கொஞ்சம் கிழிந்துவிட்டது.

அமராவதியிடம் சொன்னேன். தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள். பிறகு, "மூடி மாத்தித் தரச் சொல்லி மிக்ஸிக் கடைக்கும் ஒரு புகார் குடுத்துட்டு வந்திருக்கலாமில்ல" என்றாள். ஆனால் தோசைக்கு வெங்காயம் போட்டுத் தந்தாள்.

ஜூலை 2, செவ்வாய்

கல்லூரியிலிருந்து அழைப்பு. முதல்வரின் குரலில் எரிச்சல். இந்த வேலைக்கு விண்ணப்பித்தவர்களே இரண்டு பேர்தானாம். இரண்டிலும் பதினான்காவது பத்தியில் 'ஆம்'.

"என்னங்க சார், போன வாரம் வந்தப்ப உங்க மேல ஒண்ணுமில்லையே?"

"அப்போது யாரும் புகார் கொடுக்கவில்லை."

"இப்ப யாரு குடுத்தாங்க?"

சொன்னேன். அதற்கு அவர், "ரெண்டு பேருக்குமே ஆம்னா அந்தக் கேள்வியை வெச்சு நான் என்னதான் பண்றது? அதை விட்டுட்டு ஆட்டத்தைத்தான் பாக்கணும். அஞ்சாம் தேதி ரெண்டு பேரும் வாங்க. தேர்வுக் குழு முன்னாடி ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க" என்றார்.

போனை வைத்த பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல நகர்த்தல் ஆடியிருக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். நாளை தோற்பேன். யாருக்கும் சந்தேகம் வராமல் தோற்க வேண்டும். முதலில் நன்றாக ஆடி, முன்னிலை எடுத்து, முப்பதாவது நகர்த்தல் வாக்கில் யானையைத் தவறான இடத்தில் வைத்துவிட வேண்டும். வயதான ஆள், களைப்பு என்று நினைத்துக்கொள்வார்கள். கோகிலவாணிக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் அந்த வேலையை வாங்க மாட்டார். இது தியாகம் என்பதால் இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்தாகிவிட்டது.

ஜூலை 5, வெள்ளி

கல்லூரி நூலகத்தில் மேஜை போட்டிருந்தார்கள். முதல்வரும் இரண்டு பேராசிரியர்களும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வெள்ளைக் காய். கோகிலவாணி உட்காரும்போது, "உங்க மேல நீங்களே புகார் குடுத்தீங்கன்னு குப்புராஜண்ணன் சொன்னாருங்க" என்றார்.

"விசாரணையில் இருக்கிறது. கருத்துச் சொல்லக் கூடாது" என்றேன்.

சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு கடிகாரத்தை அழுத்தினார், ஆடத் தொடங்கினோம்.

முப்பதாவது நகர்த்தல் வரவில்லை. இருபத்து மூன்றிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. பதினொன்றாவதில் என் குதிரை மாட்டிக்கொண்டது. பதினாறாவதில் ராஜாவுக்கு முன்னாலிருந்த சிப்பாய்கள் போய்விட்டன. முன்னிலை எடுத்த பிறகு தவறு செய்யலாம் என்று நானும் கடைசி வரை காத்திருந்தேன். முன்னிலை வரவே இல்லை. பதினேழாவதிலிருந்து நான் தோற்பதை மறந்துவிட்டு, தப்பிக்க உண்மையாகவே போராடினேன். அதுவும் உதவவில்லை.

அவருக்குப் பணி ஆணையை அங்கேயே கையில் கொடுத்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். அவர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கி, "நல்லா ஆடினீங்க சார்" என்றார். மரியாதைக்குச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அமராவதி கேட்டாள். "வேணும்னே விட்டுக்குடுத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நேற்றைய பக்கத்தில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறது, சாட்சி போல.

"இல்லை, அந்தம்மா என்னை விட நல்லா ஆடறாங்க" என்றேன்.